குளிர் எங்கே போயிற்று?

மோட்டார் வண்டியின் குளிரூட்டியில் குளிர் குறைந்தவுடன், வண்டி வைத்திருப்போர் வாயிலிருந்து முதலில் வெளிவரும் சொல் "காஸ் முடிந்துவிட்டது" என்பதே. பெற்றோல் செலவாகித் தீர்வதுபோலவும், சமையலறைச் சிலிண்டர் ஒழிவதுபோலவும் இந்த வாயுவும் ஓட ஓடத் தீர்ந்துபோகும் என்னும் எண்ணம் நம்மவரிடையே ஆழ ஊறிவிட்டது. இவ்வெண்ணம் பிழையானது. அதன் பயனாகக் கைப்பொருளை இழந்தோர் பலர். ஆதலின், இந்த ஞாயிறு இப்பகுதியில் குளிரூட்டியின் நோயறியும் முறையைப் பற்றி வாசக அன்பர்களுடன் சிறிது உரையாட எண்ணுகின்றோம். வண்டி ஓட்டும் ஆடவர் மட்டுமன்றி, வீட்டுக் கணக்கைக் கையில் வைத்திருக்கும் தாய்மாரும் இதனைப் படித்தல் நன்று.

குளிரூட்டி செல்வர்க்குரிய ஆடம்பரம் என்று கூறிய காலம் ஒன்று இருந்தது. இன்று நமது தன்னாமுனையில் நின்று பாருங்கள். ஒருபுறம் வாவி, மறுபுறம் சிறிது தொலைவில் கடல். காற்றில் எந்நேரமும் ஈரமும் உப்பும் கலந்திருக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களிலோ தெருவின் வெக்கை வண்டிக்குள் புகுந்து ஆளை வாட்டும். முதியவரை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்வோருக்கும், கைக்குழந்தையுடன் பொலன்னறுவை வழியாகக் கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் பிரயாணஞ் செய்வோருக்கும் குளிரூட்டி அவசியமான ஒரு கருவியே.

மற்றொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வாயில் மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியிலேயாகும். திறந்த பின்னரும் வரிச்சுமையினால் புதிய வண்டியின் விலை நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டுவதாயில்லை. ஆகவே பத்து, பதினைந்து ஆண்டு பழகிய வண்டிகளையே நாம் பேணி ஓட்டவேண்டியுள்ளது. பழைய வண்டிக்கு நோய் வருதல் இயல்பு. நோய் இன்னதென்று அறியாமல் மருந்துக்குப் பணம் கொடுத்தல் இயல்பாகலாகாது. வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருத்துவனுக்கு வகுத்த ஒழுங்கு யந்திரத்துக்கும் பொருந்தும்: முதலில் பிணியைத் தேர்க, பின் அதன் காரணத்தைத் தேர்க, மருந்தை அதன் பின்னரே நாடுக.

குளிர் எவ்வாறு பிறக்கின்றது என்பதை முதலிற் காண்போம். மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பதன் காரணத்தை நம் பிள்ளைகள் பாடசாலையில் படித்திருப்பர். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கின்றது. வண்டியிலும் நடப்பது இதுவே. அங்கே நீருக்குப் பதிலாக, சாதாரண அமுக்கத்தில் சுழியத்துக்குக் கீழே 26 பாகை சதமளவிலேயே கொதித்துவிடும் ஒரு பொருள் குழாய்களுக்குள் அடைபட்டிருக்கின்றது. அதன் பெயர் ஆர்-134ஏ. சிறிய வண்டிகளில் அதன் நிறை அரைக் கிலோகிராம் அளவே.

இப்பொருளைக் கொம்பிரசர் என்னும் அமுக்கி நெருக்கிச் சூடான வாயுவாக வெளியே தள்ளும். வண்டியின் முகப்பில், றேடியேட்டருக்கு முன்னாலுள்ள கண்டென்சரில் அது தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகும். பின்னர் ஒரு நுண்ணிய வால்வின் வழியே புகுந்து அமுக்கங் குறைந்து, முகப்புப் பலகைக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஆவியாக்கியில் கொதித்து ஆவியாகும். அவ்வேளையில் வண்டிக்குள் இருக்கும் காற்றின் வெப்பத்தை அது பருகிவிடுகின்றது. ஆவி மீண்டும் அமுக்கிக்குச் செல்லும். வட்டம் இவ்வாறு முடிவின்றிச் சுற்றும். எரிவதற்கோ செலவாவதற்கோ அங்கே இடமில்லை. வாயு குறைந்திருந்தால் அது எங்கோ ஓரிடத்தில் கசிந்திருக்கவேண்டும். பழைய குழாய்களின் மூட்டுகளில் ஆண்டுக்கணக்கில் மிகச் சிறிதளவு கசிதல் உண்டு. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் காஸ் நிரப்பவேண்டியிருந்தால், அது ஓட்டை வாளிக்கு நீர் ஊற்றுவதை ஒக்கும்.

வரலாறும் சிறிது சொல்லத்தக்கது. நவீன குளிரூட்டி மனிதரின் சொகுசுக்காகப் பிறந்ததன்று. 1902ஆம் ஆண்டு வில்லிஸ் கரியர் என்னும் அமெரிக்க இளைஞர், புரூக்ளின் நகரத்து அச்சகம் ஒன்றில் ஈரக்காற்றினால் காகிதம் விரிந்து சுருங்கி நிறங்கள் பிசகுவதைத் தடுப்பதற்காகவே அதனை வகுத்தார். மோட்டார் வண்டியில் அதனை முதன்முதலில் விற்பனைக்கு வைத்தது பக்கார்ட் கம்பனி, ஆண்டு 1939. அக்காலத்து வண்டிகளிலும் பின்னர் பல ஆண்டுகளும் பயன்பட்ட ஆர்-12 என்னும் வாயு நஞ்சற்றது, தீப்பற்றாதது. அதனை ஆக்கிய தோமஸ் மிட்ஜ்லி, 1930இல் அவ்வாயுவை அறிஞர் அவையிலே தாமே சுவாசித்து, மெழுகுதிரியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். மனிதர்க்குத் தீங்கில்லாத அப்பொருள் வானத்து ஓசோன் படலத்தை அரிக்கும் என்பதை 1974இல் மொலினா, றோலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் எடுத்துரைத்தனர். 1987இல் மொன்றியல் உடன்படிக்கை எழுந்தது. இலங்கையும் 1989இல் அதில் இணைந்தது. 1990களில் ஆர்-134ஏ வந்தது. இது ஓசோனை அரிப்பதில்லை. ஆயினும் நூறாண்டுக் கணக்கில் நோக்கின், புவியைச் சூடாக்கும் வலிமை அதே நிறையுள்ள கரியமில வாயுவினும் ஏறக்குறைய 1,400 மடங்காகும். ஆதலால் கசிவைத் தேடாமல் மேலும் மேலும் நிரப்புவது பணப்பைக்கு மட்டும் நட்டமன்று.

இனி நோயறிதலுக்கு வருவோம். வேலைத்தளத்துக்குப் போகுமுன் வீட்டு முற்றத்திலேயே செய்யக்கூடிய சோதனைகள் சில உள. வண்டியை வெளியான இடத்தில் நிறுத்திச் செய்க. அடைத்த கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டால் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு உயிரைக் கொல்லும். முன்மூடியைத் திறந்திருக்கும்போது மின்விசிறி தானாகவே சுழலத் தொடங்கும் என்பதையும் மறவாதீர்கள். சேலைத் தலைப்பும் சால்வையும் எட்டியே நிற்கட்டும்.

முதற் கேள்வி: குறைந்திருப்பது காற்றா, குளிரா? காற்று மெலிந்து, வருகின்ற காற்று குளிராகவே இருக்குமாயின் வாயுவுக்கும் கொம்பிரசருக்கும் குற்றமில்லை. பல வண்டிகளில் இடப்பக்க ஆசனத்தின் முன்னுள்ள சிறுபெட்டிக்குப் பின்னால் காற்று வடிகட்டி ஒன்று உண்டு. அதில் புழுதியும் சருகும் அடைத்திருப்பதைக் காணலாம். அதனை மாற்றுதல் பத்து நிமிட வேலை. தொடக்கத்தில் நல்ல குளிர் வந்து, அரை மணி நேரத்தின் பின் காற்று அடைபட்டு, சிறிது நேரம் நிறுத்திவைத்தால் மீண்டும் வருமாயின், ஆவியாக்கியின்மேல் பனி உறைகின்றது என ஊகிக்கலாம். அங்கே ஐயத்துக்குரியவை வெப்பநிலையை உணரும் சிறு கருவியும் அடைபட்ட வடிகட்டியுமே.

இரண்டாவது: வெளிக்காற்றை உள்ளிழுக்கும் நெம்புகோல் எந்த நிலையில் உள்ளது? நமது வாவிக்கரைக் காற்றில் நீராவி மிகுதி. ஒரு கிராம் நீராவியைத் தண்ணீராக்குவதற்கே ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை அகற்றவேண்டும். வெளிக்காற்றை ஓயாது உள்ளே விட்டால் குளிரூட்டியின் வலிமையில் பெரும்பகுதி நீர் வடிப்பதிலேயே கழியும். ஏறியவுடன் கண்ணாடிகளைத் திறந்து உள்வெப்பத்தை வெளியேற்றிவிட்டு, பின் உட்காற்றையே சுழலவிடும் நிலையில் வைத்துப் பாருங்கள். வண்டியின் அடியில் நீர் சொட்டுவது நல்ல அடையாளம். அந்நீர் முன்னாசனக் கால்விரிப்பில் ஊறுமாயின் வடிகுழாய் அடைபட்டது என்று பொருள். கொம்பிரசரை அதற்காகத் தொடவேண்டியதில்லை.

மூன்றாவது: வெப்பமானி. வீட்டில் காய்ச்சல் பார்க்கும் கருவி இதற்கு உதவாது. அது உடல் வெப்பத்தை அண்டிய சில பாகைகளையே காட்டும். சமையலுக்கு விற்கும் சிறு இலக்கவியல் வெப்பமானி போதும். நிழலில், கதவுகளை மூடி, உட்காற்றைச் சுழலவிட்டு, விசிறியை நடுத்தர நிலையில் வைத்து, பத்து நிமிடங்களின் பின் நடுத்துவாரத்தில் அளந்து பாருங்கள். வெளியே 32, 33 பாகை இருக்கும் பிற்பகலில், துவாரத்துக் காற்று 5 முதல் 12 பாகைக்குள் இருப்பின் யந்திரம் நலமே. 20 பாகைக்கு மேல் நிற்குமாயின் நோய் உண்டு. எண்ணைக் குறித்துவைத்தல் இன்றியமையாதது. "குளிர் காணாது" என்று சொல்லிப் போகின்றவருக்கும், "நிற்கும்போது 22, ஓடும்போது 11" என்று சொல்லிப் போகின்றவருக்கும் வேலைத்தளத்தில் கிடைக்கும் மதிப்பு வேறு.

நான்காவது: ஓடும்போதும் நிற்கும்போதும் வேற்றுமை உண்டா? இதற்கு நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் அனுபவத்தைச் சொல்வோம். தன்னாமுனையில் வாழும் அவர்களது வண்டி ஏறாவூர்ப் பாதையில் ஓடும்போது நன்றாகக் குளிர்ந்தது. மட்டக்களப்பு நகரத்து நெரிசலில் நின்றவுடன் சூடாக ஊதியது. அவர்கள் சென்ற ஒரு வேலைத்தளத்தில், "கொம்பிரசர் போயிற்று சேர், புதுசுதான் போடோணும்" என்று சொல்லிவிட்டனர். சொன்ன தொகை குடும்பத் தலைவரின் இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்குவதாயிருந்தது. முதிய தாயாரை மாதந்தோறும் கிளினிக்குக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தமையால், வீட்டம்மையார் காப்பை ஈடு வைக்கவும் ஆயத்தமானார். தொழினுட்பக் கல்வி பயிலும் மகள் தடுத்தாள். "அப்பா, கொம்பிரசர் பழுதெண்டால் ஓடும்போது மட்டும் எப்படிக் குளிரும்?" என்பது அவள் கேள்வி. முன்மூடியைத் திறந்து குளிரூட்டியைப் போட்டுப் பார்த்தபோது, கண்டென்சர் விசிறி அசையவேயில்லை. ஓடும் வண்டிக்குக் காற்று எதிரே வருகின்றது. நிற்கும் வண்டிக்கு விசிறியே காற்று. பழுதாயிருந்தது விசிறிக்கு மின்சாரம் விடும் றிலே என்னும் சிறு சாதனம். அதன் விலை ஒரு நாள் சந்தைச் செலவுக்குள் அடங்கிற்று. காப்பு கையிலேயே நின்றது.

அம்மகள் கேட்ட கேள்வியைப் போன்றவையே நோயறிதலின் உயிர். சொல்லப்படும் காரணம் காணப்படும் குறிகள் அனைத்தையும் விளக்குகின்றதா என்று பார்த்தல் வேண்டும். ஒரு குறியையேனும் அது விளக்காவிடில் பணப்பையைத் திறக்கலாகாது.

ஐந்தாவது: கேட்டும் பார்த்தும் அறிதல். குளிரூட்டியின் பொத்தானை அழுத்தும்போது பல வண்டிகளில் "டக்" என்றொரு ஓசை எழும். அமுக்கியின் முன்தட்டு பட்டியுடன் சேர்ந்து சுழலத் தொடங்கும். ஓசையும் இல்லை, சுழற்சியும் இல்லையெனில் உருகியையும் றிலேயையும் முதலிற் பார்க்கவேண்டும். வாயு மிகக் குறைந்தாலும் ஒரு காவற் சாதனம் அமுக்கியை ஓடவிடாது. அமுக்கி நிற்பதனாலேயே அது பழுது என்று தீர்மானித்தல் தகாது. சில புதிய வண்டிகளில் இத்தட்டே இல்லை. அவற்றில் ஓசையை எதிர்பார்த்தலும் வீண். குழாய் மூட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் புழுதியும் படிந்திருப்பின் அங்கே கசிவு இருக்கக்கூடும். வாயுவுடன் எண்ணெயும் சேர்ந்தே சுற்றுகின்றது. கடற்காற்று வீசும் நம் பகுதியில் கண்டென்சரின் மெல்லிய அலுமினியத் தகடுகளை உப்பு அரித்துவிடுகின்றது. கிழமைக்கொரு முறை அதன்மேல் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுதல் செலவில்லாத வைத்தியம்.

இத்துடன் வீட்டு வைத்தியம் முடிகின்றது. குழாய்களைக் கழற்றுதலும் வாயுவைத் திறந்துவிடுதலும் நம் வேலையன்று. பீறிடும் திரவம் தோலையும் கண்ணையும் உறையச் செய்துவிடும்.

வேலைத்தளத்தில் அமுக்கமானியைப் பொருத்துவர். எஞ்சின் நின்றிருக்கும்போது பார்த்து, "காஸ் சரியாயிருக்கின்றது" என்று யாரேனும் சொன்னால் அதனை ஏற்கவேண்டாம். 30 பாகையில் ஆர்-134ஏ திரவமும் ஆவியுமாக நிற்கையில் மானி சதுர அங்குலத்துக்கு 97 இறாத்தல் அளவு காட்டும். உள்ளே 400 கிராம் இருந்தாலும் 200 கிராம் இருந்தாலும், சிறிதளவு திரவம் எஞ்சியிருக்கும்வரை அளவு அதுவே. அடுப்புச் சிலிண்டரில் அமுக்கம் கடைசிவரை மாறாதிருந்து திடீரென்று ஒழிவதற்கும் இதுவே காரணம். உள்ளிருக்கும் அளவை அறிய உறுதியான வழி, வாயுவை யந்திரத்தினால் மீட்டு நிறுத்துப் பார்ப்பதே. நிரப்புமுன் வெற்றிடமாக்கிக் காற்றையும் ஈரத்தையும் அகற்றல் வேண்டும். பின்னர், முன்மூடியின் கீழ் ஒட்டியிருக்கும் சீட்டிற் கண்ட கிராம் கணக்கின்படி நிறுத்தே நிரப்பல் வேண்டும். கூடுதலாக நிரப்பினாலும் குளிர் குறையும் என்பதைப் பலர் அறியார்.

எஞ்சின் ஓடும்போது இருபக்க அளவுகளையும் எழுதித் தரும்படி கேளுங்கள். இரண்டும் தாழ்ந்திருப்பின் பெரும்பாலும் வாயுக் குறைவு, கசிவைத் தேடவேண்டும். இரண்டும் உயர்ந்திருப்பின் விசிறி, அழுக்கேறிய கண்டென்சர், அல்லது மிகை நிரப்பல். தாழ்பக்கம் உயர்ந்து உயர்பக்கம் தாழ்ந்து, இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி நிற்பின், அப்போதே கொம்பிரசரின் மேல் நியாயமான ஐயம் எழும். அது உண்மையில் உடைந்து இரும்புத்துகள் கலந்திருந்தால், குழாய்களைக் கழுவாமலும் ஈரமுறிஞ்சும் புட்டியை மாற்றாமலும் புதியதைப் பூட்டுவது புதியதையும் கொல்வதாகும்.

ஹைபிரிட் வண்டி வைத்திருப்போர்க்குத் தனியாக இரண்டு வார்த்தை. பிரியஸ், அக்குவா போன்றவற்றில் அமுக்கி உயர்ந்த மின்னழுத்தத்தில் இயங்குகின்றது. செம்மஞ்சள் நிறக் கம்பிகளைத் தொடலாகாது. அதற்குரிய எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாத தனிவகை. சாதாரண வண்டியின் எண்ணெய் சிறிது கலந்தாலும் மின்காப்புக் கெட்டு, விலையுயர்ந்த அமுக்கி வீணாகக்கூடும். "தம்பி, எந்த எண்ணெய் விடுகிறீர்?" என்று கேட்கத் தயங்கவேண்டாம். மேலும் அவ்வண்டிகளின் பெரிய பற்றறி, பின்னாசனத்தருகே உள்ள துவாரத்தால் வண்டியின் உட்காற்றையே இழுத்துக் குளிர்கின்றது. அத்துவாரத்தைப் பைகளால் மூடுதல் தகாது. குளிரூட்டியின் பழுதை ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்ளுதல் பற்றறிக்கும் நல்லதன்று.

மலிவு கருதி எளிதில் தீப்பற்றும் வாயுக்களை, அதற்கென ஆக்கப்படாத வண்டியில் நிரப்புவோரும் உண்டு. குளிரும் வரும், குடும்பம் அமர்ந்திருக்கும் இடத்தில் கசிந்தால் தீயும் வரும். அதற்கு இடங்கொடாதீர்கள்.

இவ்வளவும் கேட்டு, வேலைத்தளத்தார் அனைவரும் ஏமாற்றுவோர் என்று யாரும் எண்ணிவிடலாகாது. குறையில் ஒரு பங்கு நம்முடையதே. வைத்தியரிடம் சென்றால் மருந்தில்லாவிடினும் சோதனைக்குக் கட்டணம் கொடுக்கின்றோம். மெக்கானிக் ஒரு மணி நேரம் வியர்வை சிந்திக் குனிந்து பார்த்து, "பெரிதாக ஒன்றுமில்லை ஐயா, ஒரு பியூஸ்தான்" என்று உண்மை சொன்னால், பியூசின் விலையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகின்றோம். உண்மை சொன்னவனுக்கு அன்று உலை கொதிக்காது. உதிரிப்பாகம் விற்றால்தான் கூலி என்று நாமே அவனைப் பழக்கிவிட்டு, பின்னர் பாகம் விற்கின்றான் என்று குறைகூறுவது நீதியாகுமா?

ஆகவே வண்டியை ஒப்படைக்கும்போதே, "பரிசோதனைக்குத் தனியாகக் கூலி தருகின்றேன், கண்டதை எழுதித் தாரும், திருத்துவதைப் பின்பு தீர்மானிப்போம்" என்று சொல்லுங்கள். பெருஞ்செலவு என்றால் இன்னொருவரிடமும் காட்டுங்கள். மாற்றிய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டில் மீட்ட வாயுவின் நிறையும் நிரப்பிய நிறையும் எழுதப்பட்டிருக்கட்டும். இவற்றுக்கு முகஞ்சுளிக்காதவரைக் கண்டால், அவரை விடாது பற்றிக்கொள்ளுங்கள். நல்ல குடும்ப வைத்தியரைப் போல அவர் அந்த வீட்டுக்கு ஒரு சொத்து.